மயிரிழை

ஸ்னூக்கர் போட்டித் தகுதிச்சுற்றின் இரண்டாம் நாள் காலை, ஏழாம் எண் மேஜையில், பைக்குள் விழுந்த பிரவுன் பந்தை எடுத்து அதன் புள்ளியில் வைத்துவிட்டு அவள் விலகி நின்றாள். ஆட வேண்டியவன் குனியவில்லை. பந்தடிக்கும் கோலான கியூவைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "மேடம், அது சரியா இருக்குதா?" என்று கேட்டான்.

சரியாகத்தான் இருந்தது. பதினாறு வருடமாக நடுவராக நிற்பவளின் கை, புள்ளியைப் பார்க்காமலே போய் நிற்கும் இடம் அது. ஆனாலும் கேட்டுவிட்டானே என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தாள். பந்து ஓர் அரிசி மணி அளவுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தது. "மன்னிக்கணும்" என்று சொல்லி நகர்த்தி வைத்தாள். நிமிரும்போதுதான் மேஜையின் விளிம்பைக் கவனித்தாள். நேராக ஓட வேண்டிய மரச்சட்டம் நடுவில் ஓரிடத்தில் புடைத்திருந்தது, அடியிலிருந்து யாரோ முழங்கையால் இடித்துத் தூக்கியதுபோல. தூசி விழுந்தவள்போல இடது கண்ணை மூடினாள். சட்டம் நேரானது. வலது கண்ணை மூடினாள். புடைப்பு திரும்பி வந்தது. எங்கே உற்றுப் பார்த்தாளோ அங்கே, ஈரக் காசு அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்.

அந்தக் கூடத்தில் எட்டு மேஜைகள். நடுவே கறுப்புத் திரைகள். தகுதிச்சுற்றுக்குக் கூட்டம் வராது. ஆடுகிறவனின் மனைவியோ தகப்பனோ பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். இங்கே தோற்றால் சிலருக்கு அடுத்த வருடம் தொழில்முறை ஆட்டக்காரன் என்ற பெயரே இருக்காது. ஏழாம் மேஜைக்காரன், பிரேம் எனப்படும் பதினொரு பகுதிகளில் ஆறுக்கு ஐந்து என்று, கடைசிப் பகுதியில் தோற்றான். கை குலுக்கி, "நன்றி மேடம்" என்றான். பிறகு கியூவை இரண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து எத்தனை பந்துகளை அரிசி மணி அளவுக்குத் தள்ளி வைத்தோம் என்று அவள் யோசித்தாள்.

கண் மருத்துவர் சின்னப் பெண். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். கோடுகள் நனைந்த துணிபோல உப்பின. "விழித்திரைக்கு அடியில நீர் கோத்திருக்குங்க. மூணு மாசத்துல தானா வத்திடலாம். சிலருக்கு வத்தறதில்ல."

"எதனால வருது?"

"மன அழுத்தம் ஒரு காரணம். தூக்கம் கெடக்கூடாது. முக்கியமா பயப்படாதீங்க, பயந்தா அதிகமாகும்."

மருந்துச்சீட்டில் இதை மட்டும் எழுதாமல் விட்டாளே என்று நினைத்து, படியிறங்கும்போது அவள் தனியாகச் சிரித்தாள். தெருவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து பயத்தைப் பார்த்தும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது. நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் கண்ணுக்குள் ஒரு சொட்டு நீர் கூடுவதாகத் தோன்றும். தோன்றியதும் இன்னும் படபடக்கும்.

பிரதான சுற்றுகள் பெரிய அரங்குக்கு மாறின. அவள் சில வித்தைகள் கற்றுக்கொண்டாள். மேஜை எப்போதும் தன் வலப்பக்கம் வரும்படி நிற்பாள். பந்தைப் புள்ளியில் வைக்கும்போது இடது கண்ணை இறுக்கிக்கொள்வாள். பிறகு எதிர்ப்பக்கம் போய் இன்னொரு தடவை பார்ப்பாள். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. எது முன்னால், எது பின்னால் என்று கையை நீட்டினால்தான் தெரியும். "ரெண்டு பக்கமும் போய்ப் பாத்து வைக்கிற நடுவரை இப்பெல்லாம் எங்கே பாக்க முடியுது!" என்று தொலைக்காட்சியில் வர்ணனையாளர் பாராட்டினாராம். சக நடுவர் ஒருத்தி வந்து சொன்னாள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்குக் கனம் மடியில் இல்லை, கண்ணில் இருந்தது. யார் முகத்தை நேராகப் பார்த்தாலும் அந்த மங்கல் அதன் மேல்தான் முதலில் போய் விழுந்தது.

அரை இறுதி முடிந்த மதியம் தலைமை நடுவர் கூப்பிட்டனுப்பினார். கோபமே வராத, வந்தாலும் குரல் உயராத மனிதர். தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இறுதி ஆட்டம் உனக்குத்தாம்மா. பதினாறு வருஷம் பொறுத்தியே. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கணும். ரெண்டு பேரும் லேசுப்பட்டவனுங்க இல்ல."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "ரொம்ப நன்றிங்க சார்" என்றுதான் வந்தது.

மாலையில் கணவனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

"எனக்கு ஒரு கண்ணு இப்படி ஆகி, நான் பஸ் எடுத்தா நீ ஏறுவியா?"

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏறமாட்டே. பிள்ளைங்களையும் ஏத்தமாட்டே."

"இது பஸ் இல்லீங்க. பந்து. யாரும் சாகப்போறதில்ல."

"பந்துதான். அப்புறம் எதுக்கு உன் குரல் இப்படி நடுங்குது?"

"ஒரே ஒரு ஆட்டம். அது முடிஞ்சதும் சொல்லிடுறேன்."

"சரி" என்றான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்த பிறகும் அது காதிலேயே நின்றது.

இறுதிக்கு வந்தவர்களில் ஒருவனுக்குத் தந்தி என்று பெயர். நின்று நிதானித்து ஆடத் தெரியாது, பறந்து பறந்து அடிப்பான். இன்னொருவன் ஆமை. ஆமை குனிந்தால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று ரசிகர்கள் கேலி பேசுவார்கள். பத்து பிரேம் எடுப்பவனுக்குக் கோப்பை. காலை அமர்வில் அவளுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. மதியம் ஒன்பதுக்கு ஒன்பது என்று நின்றது. கடைசி பிரேமில் மேஜையில் மூன்று சிவப்புகள் மிச்சம், ஆமை பதினொரு புள்ளி முன்னால்.

ஆமை தற்காப்பாக ஓர் அடி அடித்தான். கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து மேல் விளிம்பில் பட்டு, களைத்தவன் வீடு திரும்புவதுபோல மெல்ல உருண்டு வந்து, ஒரு சிவப்பின் பக்கத்தில் நின்றது. தந்தி எழுந்து வந்தான். பந்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். அரங்கமே அவளைப் பார்த்தது. வெள்ளை சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது டச்சிங் பால். தந்தி அந்தச் சிவப்பை அசைக்காமல் வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அவன் ஏதாவது ஒரு சிவப்பை அடித்தே ஆக வேண்டும், அடித்தால் மற்றவை ஆமைக்குத் திறந்துகொள்ளும். தொடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் அவள்.

குனிந்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தபோது வெள்ளையும் சிவப்பும் மெழுகு உருகினாற்போல் ஒன்றோடொன்று கலந்தன. இடது கண்ணை மூடினாள். நடுவே நூலளவு பச்சை தெரிந்தது. எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தாள், பச்சை இல்லை. பழைய இடத்துக்கே திரும்பினாள், இருந்தது. மேஜைத் துணியா, விளக்கின் நிழலா? யாரோ இருமினார்கள். காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம் கேட்டது. ஈரக் காசு அகன்றுகொண்டே போவதுபோல் இருந்தது. இடைவெளி இருக்கிறது என்று முடிவு செய்தாள். அப்படிச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசப்போவதில்லை, நடுவர் சொன்னதுதான் சட்டம். "தொடல" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஏழாம் மேஜைக்காரன் திறந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

"என்னால தீர்மானிக்க முடியல" என்றாள். சட்டையில் குத்தியிருந்த மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "என்னோட இடது கண்ணு சரியாத் தெரியல. தலைமை நடுவர் வரணும்."

"என்ன மேடம் சொல்றீங்க?" என்றான் தந்தி, தாழ்ந்த குரலில். நாற்காலியிலிருந்து ஆமை விருட்டென்று எழுந்தான். அவன் வேகமாக ஒரு காரியம் செய்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைமை நடுவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். மூன்று பக்கமும் குனிந்து பார்த்தார். "டச்சிங் பால்" என்றார்.

அவள் "தொடல" என்று சொல்ல இருந்தாள். தப்பாகச் சொல்லியிருப்பாள்.

அவர் அவளுடைய மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "எப்பத்திலேருந்தும்மா?"

"தகுதிச்சுற்றுலேருந்து சார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. எத்தனை ஆட்டங்கள், யார் யார் தோற்றது என்று மனதுக்குள் எண்ணினார். எண்ண எண்ண, இரண்டு வாரமாகக் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த அதே முகம் அவருக்கும் வந்தது. "உள்ளே போய் இரு. முடிஞ்சதும் வரேன். எல்லா ஆட்டத்தைப் பத்தியும் பேசணும்" என்று கையை நீட்டினார். வெள்ளைக் கையுறைகளைக் கழற்றினாள். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. அவருடைய விரல்களுக்கு அவை பாதி வரைதான் ஏறின. அப்படியே மாட்டிக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினார். அவள் திரையை நோக்கி நடந்தபோது எங்கோ ஒருவர் இரண்டு தடவை கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆட்டக்காரர்கள் கை பழகும் அறையில் யாரும் இல்லை. ஒரே ஒரு மேஜை, மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சன்னலில் வெயில் இன்னும் இருந்தது. அலமாரியிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மேஜையின் மர விளிம்பில் வைத்தாள். சுவருக்கு அப்பால் பெரிய மௌனம். அப்புறம் ஓர் ஆரவாரம் எழுந்து சுவரை மோதியது. தந்திக்கா, ஆமைக்கா, தெரியவில்லை. அது அடங்குவதற்குள் போன் அதிரத் தொடங்கியது. திரையில் ஒரு பெயர் ஒளிர்ந்தது. எழுத்துகள் நடுவில் உப்பி, இடது கண்ணுக்குப் பிடி கொடுக்கவில்லை. கணவனா, வேறு யாருமா என்று வலது கண்ணால் மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள அவள் துணியவில்லை. வழுவழுப்பான மரத்தின்மேல் போன் நடுங்கி நடுங்கி நகர்ந்து, நடுப் பையின் வாயை நெருங்கியது. அவள் கையை நீட்டி, பைக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.