சுங்குடி ஸ்கார்ஃப், பருத்தி

உங்களைச் சபை நடுவே தலைகுனிய வைத்தவரின் பிழைப்பு ஒரு நாள் உங்கள் விரல் நுனிக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஸ்வர்ணா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மதுரை கே.கே. நகரில், துணி ஏற்றுமதியாளர் சங்கத்து அலுவலகத்தில், செயலாளர், தட்டச்சர், டீ சொல்கிறவள் எல்லாமே அவள்தான். வெளிநாட்டோடு வரி ஒப்பந்தம் பேசப்போகும் அதிகாரிகள் டெல்லியிலிருந்து பட்டியல் கேட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து என்னென்ன சரக்கு போகிறது, எதற்கெல்லாம் அங்கே வரியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று. மாலை ஐந்துக்குள் போக வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் பெயர், பக்கத்தில் எட்டு இலக்க எண். பேச்சுவார்த்தை மேசையில் பெயரை எவரும் படிப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார்கள். சரியான எண் இல்லாத சரக்குக்குப் பழைய வரிதான், இன்னும் ஐந்து வருஷத்துக்கு.

ஒன்பதாவதாக இருந்தது சுங்குடி ஸ்கார்ஃப், பருத்தி. மதுரையில் அதை அனுப்புகிறவர் ஒரே ஆள், திருநகர் ஜனகராஜ்.

பதினோரு வருஷம் முன்பு அவரிடம்தான் அவள் வேலை பார்த்தாள். அப்போது செயற்கை நூலுக்கு வரி குறைவு. பருத்தி ஸ்கார்ஃபுக்கு அந்த எண்ணைப் போடு என்று, இருவருக்கும் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில், வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி சொன்னார். துறைமுகத்தில் பிடித்துச் சரக்கைத் திருப்பி அனுப்பியதும் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னார்.

"இந்தப் புள்ள பண்ண கூத்துண்ணே. பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் வித்தியாசம் தெரியல. படிச்ச புள்ளயாம்."

எழுபது பேர் சிரித்தார்கள். மன்னிப்புக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூன்று வருஷம் எந்தக் கம்பெனியும் அவளுக்கு ஒரு நாற்காலி தரவில்லை.

பட்டியலில் கையெழுத்துப் போட, மூன்று மணிக்கு ஜனகராஜே மாடியேறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சௌராஷ்டிரத்தில் நலம் விசாரித்தார். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"உக்காருங்கண்ணே. நம்பரை நீங்களே ஒரு தடவ பாத்துருங்க. பெறகு நான் தப்பாப் போட்டேன்னு ஆயிரக்கூடாது."

அவரும் தமிழுக்கு மாறினார். "இன்னும் அதையேவா புடிச்சுக்கிட்டு இருக்க? தொழில்னா நாலும் இருக்கும்மா. நம்பரெல்லாம் நான் என்னைக்குப் பாத்தேன்?"

திரையை அவர் பக்கம் திருப்பினாள். அன்று அவர் போட வைத்த அதே செயற்கை நூல் எண் அங்கே இருந்தது. சரக்கின் பெயரை மட்டும் அவர் விரல் வைத்துப் படித்தார். தலையாட்டினார். அச்செடுத்த தாளில், அந்த எண்ணுக்கு நேர் எதிரே, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனா நகர நகர அவளுக்கு வயிறு நிறைந்தது.

நாலே முக்காலுக்கு விளாங்குடியிலிருந்து தாமரைச்செல்வி போன் செய்தாள். ஜனகராஜுக்காகத் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, சாயத்துக்கு முன் துணியில் சுங்குடி முடிச்சுப் போடும் நாற்பது பெண்களில் ஒருத்தி. ஸ்வர்ணாவுக்கு அந்தக் காலத்துப் பழக்கம்.

"யக்கா, வரிய எடுத்துட்டா ஆர்டர் ரெண்டு மடங்காயிருமாம்ல? மொதலாளி சொன்னாரு. எம் மக மில்லு வேலைய விட்டுட்டு முடிச்சுக்கே வாரேங்கிறா. விடச் சொல்லவா?"

எண்ணை மாற்ற ஒரு நிமிஷம் போதும். ஆனால் கையெழுத்துக்கு அவரை மறுபடி கூப்பிட வேண்டும். தப்பாப் போட்டுட்டேண்ணே என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் சிரிப்பார்.

"யக்கா, இருக்கீகளா?"

"அவசரப்பட வேணாம்னு சொல்லுடி."

"என்னக்கா அவசரம்? லிஸ்ட்டு போடுறதே நீங்கதான? அப்பறம் எனக்கென்ன பயம்?"

ஸ்வர்ணா போனை வைத்தாள். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பட்டியலை அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு விளாங்குடி நிறுத்தத்தில் மில் பஸ் வந்து நின்றது. தாமரைச்செல்வியின் மகள் ஏறவில்லை.