சியோபாவுக்கு ஒன்பது நாள் ஜெபம்

பெர்பெத்துவாவின் நாய் சியோபாவ், பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் செத்துப்போனது. காலை பத்து மணிக்கு வாலாட்டிக்கொண்டு போனதைப் பன்னிரண்டு மணிக்குத் துண்டில் சுற்றிக் கொடுத்து, "இதயம் வீக்கா இருந்திருக்கு அக்கா" என்றார் கால்நடை டாக்டர் லுடோவிக்கோ. மயக்க ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார் என்று பெர்பெத்துவா தெருவெல்லாம் சொன்னாள். சொல்லாதது ஒன்று இருந்தது. வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லியிருந்தும், கிளம்பும்போது அது பார்த்த பார்வை தாங்காமல் அரைத் துண்டு சாசேஜ் ஊட்டிவிட்டிருந்தாள். கொன்றது ஊசியா, தன் கையா? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புகார் பேட்டை அலுவலகத்துக்குப் போனது. கோர்ட்டுக்குப் போகுமுன் அங்கே சமரசம் பேசியாக வேண்டும். பேட்டைத் தலைவர் சிப்ரியானோவை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அன்று மத்தியானம் அவருக்குச் சேவல் சண்டை இருந்தது.

"டாக்டர் ஒரு குட்டி தர்றேங்கறார். வாங்கிக்கிட்டு ஆளை விடுங்கக்கா."

"உங்க வீட்டம்மா போயிட்டா, வேற ஒண்ணு குடுத்தா சரியாப் போயிடுமா கேப்டன்?"

கேப்டன் பதில் சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "பின்ன என்னதான் வேணும்?"

"செத்த மனுஷங்களுக்கு வைக்கிற மாதிரி ஒன்பது நாள் ஜெபம் வைக்கிறேன். ஒன்பது நாளும் இவர் வந்து முட்டி போடணும். எழுதிக்குங்க."

முட்டியோடு போயிற்றே என்று டாக்டர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

நாய்க்கெல்லாம் ஜெபமா என்று ஃபாதர் வர மறுத்துவிட்டார். தெருவே வந்தது. வறுத்த சேமியாவும் காப்பியும் உண்டு என்றால் இந்தத் தெரு எதற்கும் வரும். முதல் நாள் எல்லோரும் டாக்டரை முறைத்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் தன் பன்றிக்கு வயிற்றுப்போக்கு என்று அவர் காதில் சொன்னார். நாலாம் நாள் ஜெபமாலை ஒரு கையிலும் சேவல் மறு கையிலுமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஜெபத்துக்கு நடுவில் சேவல் கூவியது. பெர்பெத்துவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தது அவள் நாய், லாபம் ஊருக்கு.

ஏழாம் நாள் பக்கத்து வீட்டு நிசெத்தா தன் பூனையை டாக்டர் மடியில் கொண்டுவந்து போட்டாள்.

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணிவிடுங்க டாக்டர். தெருவுல பாதி இதோட பிள்ளைங்கதான்."

"எத்தனை கிலோ?"

"பாத்தா தெரியலையா? நாலு இருக்கும்."

"பாத்தாலாம் தெரியாது. தராசு கொண்டாங்க." டாக்டரின் குரல் திடீரென்று உடைந்திருந்தது. "நிறுக்காம நான் ஊசியைத் தொட மாட்டேன்."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெர்பெத்துவா கெண்டியைக் கீழே வைத்தாள்.

"சியோபாவை நிறுத்துப் பாத்தீங்களா?"

டாக்டர் பூனையைத் தூக்கி நிசெத்தாவிடமே கொடுத்தார்.

"அன்னிக்குத் தராசு ரிப்பேர்" என்றார். "கண் மதிப்புல எட்டு கிலோன்னு போட்டேன். அப்புறம் துண்டுல சுத்தித் தூக்கினப்பதான் தெரிஞ்சுது. அத்தனையும் முடி."

"நாலே முக்கால்" என்றாள் பெர்பெத்துவா. "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வெளியிலதானே உக்காந்திருந்தேன்."

இத்தோடு விட்டிருந்தால் ஜெயித்தது அவள்தான். ஆனால் இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"காலையில நான் அதுக்கு சாசேஜ் குடுத்தேன் டாக்டர். அரைத் துண்டு."

சேமியாவுக்கு வந்திருந்த கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பாருங்க, தப்பு ரெண்டு பக்கமும்..."

"இல்ல கேப்டன்." டாக்டர் எழுந்து நின்றார். தலையை ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பார். "சாசேஜ் இல்ல. அதுன்னா மயக்கத்துல வாந்தியெடுத்து மூச்சடைச்சிருக்கும். அது வாந்தியே எடுக்கல. மருந்து அதிகம், அவ்வளவுதான். நான்தான்கா கொன்னேன்."

பெர்பெத்துவா நாற்காலியில் விழுந்து, நாய் செத்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். நிசெத்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நாளைக்கும் வந்து இதையே சொல்லுங்க. நாளை மறுநாளும் சொல்லுங்க."

"சொல்றேன்கா" என்றார் அவர்.