முழுக் கட்டணம்

பீன்யா தொழிற்பேட்டையில் மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் கொள்முதல் அதிகாரியாக இருந்தேன். சரக்கு விற்க வந்தவர்களின் காபியை ஒருநாளும் குடித்ததில்லை. பேரம் பேசாமல் ஓர் ஆணிகூட வாங்கியதுமில்லை. எங்கள் குடும்பத்தின் சொத்து இந்த இரண்டும்தான். அல்சூர் வீடு அப்புறம்.

மகன் எரிக் ஒரு விமானக் கம்பெனியில் இருக்கிறான். எந்த ஊருக்கு எத்தனை விமானம் விடுவது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் வேலை. அவன் விரும்பிய பெண் ஜோவிதா, போட்டிக் கம்பெனியில் டிக்கெட் விலை வைக்கிறவள். இருவரும் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுவார்கள், விலையைத் தவிர. அதைப் பேசினால் இருவருக்கும் வேலை போய்விடும்.

நிச்சயதார்த்தம் ஜோவிதாவின் ஊரான தூத்துக்குடியில், சனிக்கிழமை பதினொரு மணிக்கு. பங்குச் சாமியாருக்குப் பன்னிரண்டுக்கு வேறு பூசை இருந்தது. நாங்கள் பதினொரு பேர். பெண்ணின் அப்பா நீல் மோத்தா போன் செய்தார்.

"சம்பந்தி, பாப்பா கம்பெனி ஃப்ளைட்லயே வந்துருங்க. டிக்கெட்ட நாங்க பாத்துக்கிடுதோம்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுச் செலவுல வண்டி ஏறுறது எங்க வழக்கமில்லீங்க. என் பையன் கம்பெனிக்கும் றெக்கை இருக்கு."

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கே எரிக் வீட்டுக்கு வந்துவிட்டான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"டாடி, நாளைக் காலைல நம்ம ஃப்ளைட் கேன்சல்."

"யாரு பண்ணது?"

"நான்தான்."

என் தம்பி லாயிட் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டான். "டேய், உன் நிச்சயதார்த்தத்துக்கு நீயே ஆப்பு வெச்சுக்கிட்டியா?"

எரிக் விளக்கினான். எழுபத்தெட்டு இருக்கை. பதிவானது இருபத்தெட்டு. "அதுலயும் பதினொண்ணு நாமதான் சித்தப்பா." போட்டிக் கம்பெனி போன மாதம் கட்டணத்தை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதாக்கியதும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. பாதிகூட நிரம்பாவிட்டால் காலை விமானத்தை நிறுத்தி எல்லோரையும் மாலை விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் போன வருடம் எழுதியவனும் எரிக்தான்.

"பறந்தா நாலு லட்சம் லாஸ் டாடி. நிறுத்தினா ஒண்ணே கால். ஆனா ஒரு போன் போதும், திரும்பப் போட்டுடலாம். வீட்டு விசேஷம்னு தெரிஞ்சு எங்க வைஸ் பிரசிடெண்ட்டே சொன்னாரு. போடவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி பெர்னதெத் மட்டும் வாய் திறந்தாள். "சொல்லுங்களேங்க."

சொல்லியிருக்கலாம். காலதாமதமாகப் போய் இருநூறு பேர் முன்னால் தலை குனிவது எனக்கு உவப்பானது அல்ல. ஆனால் வேறொருவர் பணம் நாலு லட்சத்தில் நான் பறப்பதற்கும், முப்பத்தோரு வருடம் மறுத்த காபிக்கும் என்ன வித்தியாசம்?

"வேண்டாம்."

"தெரியும். அதான் அவர்கிட்ட சரின்னு சொல்லாம, உங்களக் கேக்க வந்தேன்."

லாயிட் பஸ்ஸைச் சொன்னான். எண்பத்தோரு வயதில் இடுப்பு ஆபரேஷன் முடித்திருந்த ஐரின் அத்தை, "என்னை பார்சல்ல போட்டு அனுப்புங்கடா," என்றார். ரயிலில் காத்திருப்போர் பட்டியல். மிச்சம் இருந்தது ஒரே விமானம். ஜோவிதா கம்பெனியின் காலை ஏழு இருபது. போனில் திறந்து பார்த்தால், ஓர் இருக்கை ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது.

அந்த நேரத்தில்தான் ஜோவிதா கூப்பிட்டாள்.

"மாமா, மன்னிச்சிருங்க மாமா. மூணு மணிக்கு உங்க ஃப்ளைட் சிஸ்டத்துல காணாமப் போச்சு. மூணு அஞ்சுக்கு விலைய ஏத்திட்டேன். நீங்க அதுல இருக்கீங்கன்னு யோசிக்கல."

"லீவுல ஊருக்குப் போனவ எப்படிம்மா ஏத்தினே?"

"வீட்ல இருந்துதான். ரெண்டு கையிலயும் மருதாணி. அக்காவ பட்டன அமுக்கச் சொன்னேன்."

எதிர்க் கடை மூடியதும் ஐந்து நிமிடத்தில் விலையை ஏற்றுபவர்களை என் வேலைக் காலம் முழுவதும் திட்டியிருக்கிறேன். அப்படி ஒருத்தி எங்கள் வீட்டுக்கே வருகிறாள்.

"இறக்கட்டுமா மாமா? ஸ்டாஃப் கோட்டாவுல போட்டா..."

"ஒரு ரூபா இறக்கக் கூடாது. உன் வேலைய நீ பண்ணு."

பணத்தைக் கட்டினேன். ஒரு லட்சத்து நாலாயிரத்து அறுபது. பெர்னதெத் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஆட்டோக்காரன்கிட்ட பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் நிப்பீங்களே!"

மறுநாள் விமானத்தில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. நடுவில் எரிக், ஜன்னலோரம் நான், நடைபாதை ஓரம் ஒரு பெரியவர். மேலே ஏறியதிலிருந்து அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"எங்க ஃப்ளைட்ட நேத்து நிறுத்திட்டானுங்க சார். இவனுங்க உடனே ஆறு மடங்கு ஏத்திட்டானுங்க. நிறுத்தினவனும் ஏத்தினவனும் ஒண்ணு சேந்துட்டானுங்க, அதான் விஷயம்."

எரிக் பாதுகாப்பு அட்டையைப் படிக்க ஆரம்பித்தான்.

"இன்னும் சேரல சார்," என்றேன். "இன்னிக்குப் பதினொரு மணிக்குத்தான்."

பணிப்பெண் பதினொரு காபியோடு வந்து, ஜோவிதா மேடம் அனுப்பச் சொன்னதாகச் சொன்னாள். பில் போடச் சொன்னேன். லாயிட் அதற்குள் இரண்டாவது கோப்பையில் இருந்தான்.

பத்து மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருந்தோம். நீல் மோத்தா எல்லோருக்கும் கேட்கும்படி வரவேற்றார். "கடைசில எங்க வண்டியிலதான வந்திய சம்பந்தி!"

"வந்தோம். ஆனா உங்க வண்டியில முழுக் கட்டணம் கொடுத்து வந்த முதல் சம்பந்தி நான்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாமியார் சரியாகப் பதினொன்றுக்கு ஜெபத்தைத் தொடங்கினார்.

கல்யாணமாகி ஜோவிதா வந்தபோது, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழையும் கொண்டு வந்தாள். அந்த மாதம் அந்தத் தடத்தில் அதிக வருமானம் ஈட்டித் தந்ததற்காக. எங்கள் ஏழு இருபதுதான் அது. எரிக்கின் கம்பெனியும் காலை விமானத்தை நிறுத்திச் செலவைக் குறைத்ததற்காக அவனுக்கு ஒன்று கொடுத்திருந்தது. தேதி ஒன்றே. இரண்டையும் பெர்னதெத் வரவேற்பறையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினாள்.

வருகிறவர்கள் பிள்ளைகளின் திறமையைப் புகழ்வார்கள். நான் மறுப்பதில்லை. என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய பொருள்கள் அவை இரண்டும்தான்.