இரண்டாம் ஆட்டக்காரியின் ஒயர்

1

இந்தக் கதையை எழுதவைத்தது துக்கம் என்று நினைப்பீர்கள். இல்லை, கோபம். 2008 ஆகஸ்டில், என் மனைவி ஜெபமலரின் நாற்பதாம் நாள் ஜெபத்துக்காக வீட்டை ஒதுக்கும்போது, அவள் அண்ணன் ஞானையன் எங்கள் வீடியோ கேமின் ஒயர் கன்ட்ரோலர்கள் இரண்டையும் எடுத்துப் போனான். பதிலுக்கு ஒயரில்லாத இரண்டை வைத்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சாலைக் கடைத்தெருவில் மழை விடாமல்

(வேண்டாம். மழை ஒன்றும் செய்யவில்லை.)

2

"ஆளுவ ஒயர்ல தட்டி விழும், கேட்டியா மாப்பிள்ள?" என்றான் ஞானையன். "இதுக்கு ஒயரே வேண்டாம். அடுக்களையில நின்னும் வெளையாடலாம்."

"அடுக்களையில நின்னு யாரு வெளையாடுவா, மச்சான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டே."

3

(இதைக் கதையாகச் சொல்ல வரவில்லை. கட்டுரையாகவே இருக்கட்டும்.)

எங்கள் ஆட்டத்தில்* இருவர் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் திரையின் விளிம்பைத் தாண்ட முடியாது. ஒயர் கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவைத்தாலும் அது இணைப்பில்தான் இருக்கும். திரையில் ஜெபமலரின் ஆட்டக்காரி, சிவப்புச் சட்டைக்காரி, பாலத்தின் தொடக்கத்தில் நிற்பாள். ஆபீஸ் விட்டு வந்து, நான் விளிம்புவரை போவேன், திரும்புவேன். தினமும் அவ்வளவுதான்.

ஒயரில்லாதது பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே அணைந்துவிடும். பேட்டரி மிச்சம். அவள் மறைவாள். இரண்டாம் ஆட்டக்காரர் வெளியேறிவிட்டார் என்று திரையில் எழுத்து வரும். எனக்குப் பாலம் திறக்கும்.

வெளியேறிவிட்டாராம். யாரைக் கேட்டு? பேட்டரிக்காக ஒருத்தியை அழித்துவிட்டு, அதைச் சுதந்திரம் என்று பெட்டிமேல் அச்சடித்து விற்கிறார்கள். ஒயர் சிக்கும், காலைத் தடுக்கும். சரி. அது யாரையும் வெளியேற்றியதில்லை.

* பெயர் சொல்லமாட்டேன். விளம்பரமாகிவிடும்.

4

ஞானையனை வில்லனாக்கிப் பார்த்தேன். "அவன் கண்களில் ஒரு குரூரம்

இல்லை. சவப்பெட்டியின் தலைமாட்டை நான் பிடித்தபோது கால்மாட்டைப் பிடித்தவன் அவன். போன் செய்தேன்.

"பழசு நம்ம கடையிலதான் கெடக்கு. சனிக்கிழமை பழைய சாமான் எடுக்க ஆள் வரும். ஏன், புதுசு கேடாயிட்டா?"

"அணைஞ்சு போவுது."

"பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பட்டனை அமுக்கு. படிச்ச ஆளுக்கு இதையும் நான் சொல்லணுமா?"

"பழசுதான் வேணும்."

"எப்பவும் அந்த டிவி முன்னாலயே இருக்கியாமே, அம்மா சொன்னா. காரணம் சொல்லு, எடுத்து வைக்கேன்."

போனை வைத்தேன். அவளுக்கென்று வைத்த புதுக் கன்ட்ரோலரை எடுத்துப் பட்டனை அமுக்கினேன். சிவப்புச் சட்டைக்காரி குதித்தாள். ஜெபமலர் அந்தப் பாலத்தில் ஒருநாளும் குதித்ததில்லை, விழுந்துவிடுவோம் என்று பயம். குதித்தது நான்.

கீழே வைத்துவிட்டேன்.

5

முடிவுகள்:

அ) ஞானையன் தானாகவே புரிந்துகொள்கிறான். (எப்படி?)

ஆ) நான் பாலத்தைக் கடக்கிறேன். (எல்லோருக்கும் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

இ) காரணத்தைச் சொல்கிறேன். மூன்று முறை போனை எடுத்தேன். "மச்சான், அவ அங்க நிக்கா. அதனால

அதற்குமேல் வாய் வரவில்லை. எழுதத்தான் வந்தது. ஆனால் ஞானையன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டத் தெரியாது.

இன்று வியாழன். அவன் கடை சாலைக் கடைத்தெருவில், இரும்புக் கடைகளைத் தாண்டி இடதுபக்கம். நீங்கள் போய் இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் இஷ்டம். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவளுடையதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.