காய்கறித் தட்டு

அடக்கம் முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தாள். தட்டு பளிச்சென்று துடைக்கப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாக்களால் நிறைந்திருந்தது.

"இங்க ஒரு பை இருந்துச்சே?"

"அந்தக் கீரையா அண்ணி? கறுத்து அழுகிப்போயிருந்துச்சு. காலையில குப்பையில போட்டுட்டேன்," என்றாள் நாத்தனார். அண்ணன் போன துக்கத்தை வீட்டைத் தேய்த்துத் தேய்த்தே ஆற்றிக்கொண்டிருந்தாள் அவள்.

"அது கீரை இல்லம்மா. உங்க அண்ணனோட செடி."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனுக்கு ஊரில் இல்லாத ஆசை. ரோஜா வளர்த்தால் ஆகாதா? ஈயைப் பிடித்துத் தின்னும் செடிதான் வேண்டும் அவருக்கு. கோடை முழுக்க அவை ஜன்னலோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். குளிர் தொடங்கியதும் வேரை அலசி, ஈரப்பாசியில் சுற்றி, பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். குளிரில் நன்றாகத் தூங்காவிட்டால் செடி நாளடைவில் நலிந்துவிடுமாம். தக்காளி வைக்க இடமில்லை என்று அவள் வருஷா வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். கோடையில் அவள் ஈ அடிக்கக் கையை ஓங்கினாலும் அவருக்குப் பொறுக்காது. "விடு, அது அதுங்களோட சாப்பாடு" என்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக, நாக்குக் குழறிய நிலையிலும் அவர் கேட்டது, "பையில ஈரம் இருக்கா, பாத்தியா?" என்றுதான். "பாக்கறேன்" என்றாள். அன்று சாயங்காலமே போய்விட்டார். பெண்டாட்டியிடம் சொல்ல வேறு பேச்சே கிடைக்கவில்லையா என்று அவளுக்கு இன்னமும் கோபம்தான். ஆனாலும் பார்க்கிறேன் என்று சொன்னது சொன்னதுதான்.

"குப்பை வண்டி வந்துடுச்சா?"

"தெரியலயே அண்ணி."

இருவரும் கீழே ஓடினார்கள். வண்டி வரவில்லை. மேல்வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வாயைத் திறந்தவர், இரண்டு பெண்களும் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நழுவினார். வெங்காயச் சருகுக்கும் தேயிலைச் சக்கைக்கும் அடியில் கிடைத்தது பை. பிரித்தால் மூன்று செடியும் கன்னங்கரேலென்று கிடந்தன.

"செத்துப்போச்சே அண்ணி." நாத்தனாரின் குரல் உடைந்தது. அடக்கத்தின்போதுகூட அவள் அழவில்லை. "அண்ணன் ஆசையா வளத்தத நானே தூக்கிப் போட்டுட்டேன்."

"அழாத. இலை கறுத்துத்தான் போகும். அடியில பாக்கணும்."

அவள் பட்டாணி உரிக்கும்போது எதிரே உட்கார்ந்து அவர் செடிகளைச் சோதிப்பதை எத்தனை முறை பார்த்திருப்பாள். வேருக்கு மேலே இருந்த வெள்ளைக் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கெட்டியாக இருந்தது. இரண்டாவதும் கெட்டி. மூன்றாவது கொழகொழவென்று நசுங்கியது.

"இது போச்சு," என்றாள். "ரெண்டு இருக்கு. போதும்."

மேலே வந்ததும் பாசியை அலசிப் பிழிந்து, ஈரம் பார்த்து, செடிகளைச் சுற்றிக் கட்டினாள். சொல்லாமலே நாத்தனார் தட்டைக் காலி செய்து டப்பாக்களை மேசைமேல் அடுக்கினாள்.

"இவ்வளவும் வெளியில இருந்தா கெட்டுடுமே அண்ணி?"

"உக்காரு. சாப்பிட்டுத் தீப்போம்."

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு பசி என்பது தெரிந்தது. நாத்தனார் மேல்வீட்டுக்காரரின் முழியைச் செய்து காட்ட, அவளுக்குச் சிரிப்பில் புரையேறியது. மனசு லேசாக இருந்தது. இன்றைக்கு அப்படி இருக்கலாமா என்று யோசித்தாள், பிறகு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

அடுப்படிக் கதகதப்பில் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து டப்பாவின் விளிம்பில் உட்கார்ந்தது. நாத்தனார் துண்டை மடித்து ஓங்கினாள்.

"விடு," என்றாள் அவள்.

ஈ எழுந்து போய், ஜன்னலோரம் காலியாக இருந்த செடித் தொட்டியின்மேல் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டது.