முடிச்சு விழாத வேர்

காராமணிச் செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினாள் ரெஜினா. வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

நல்ல காராமணி வேரில் நுண்ணுயிர்கள் குடியேறி மிளகு மிளகாக முடிச்சு விழும். காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குவது அந்த முடிச்சுதான். அதைக் கிளப்பிவிடும் ஹார்மோன்களைப் பற்றியே அவள் ஆராய்ச்சி. எர்ணாவூர் வீட்டுக் கொல்லையில் தொட்டிகள் வைத்ததும் அதற்காகத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே விதை, ஒரே மண். கிணற்றடித் தொட்டிகளில் வேர் கொள்ளாத முடிச்சு. பின்சுவரோரத் தொட்டிகளில் மட்டும் மொட்டை வேர். ஈரம் இருந்தும் இலைகள் காம்போடு கீழே மடங்கித் தொங்கின.

முடிச்சைத் தடுக்கிற ஹார்மோனும் உண்டு. எத்திலீன். செடியே சுரக்கும் வாயு; இலையை மடங்கவைப்பதும் அதுதான். ஆனால் சுவரோரச் செடிகள் மட்டும் சொல்லிவைத்தாற்போல் இப்படி ஆகுமா? சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்கடியில், தொழிற்சாலைக்கு எத்திலீன் போகும் குழாய் இருக்கிறது. எத்திலீன் பற்றி எரியும்.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் ஆன்றோ அதே சுவரோரம் இரும்புக் கேட்டைச் சாய்த்துவைத்து, வெல்டிங் ராடை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பத்த வைக்காத. கேஸ் லீக் ஆவுது."

"எனுக்கு ஒரு வாடையும் வரல. செடி வாடுனதுக்கா பேஜாரு பண்றே?"

வெல்டிங் மெஷின் பிளக்கைப் பிடுங்க ஓடினாள். அதில் பொறி பறந்தால்? நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, திரும்பி வந்து அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பிளக்கைக்கூட அவள் தொடாதது அவனுக்கு உறைத்தது. ராடை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இப்ப இன்னா பண்ணணும்?"

"அம்மாவ இட்டுகினு தெருமுனைக்கு வா. சுச்சு எதையும் தொடாத."

தெருமுனைக்குப் போய்த்தான் குழாய்க் கம்பெனிக்குப் போன் செய்தாள். சந்தேகம் பொய்யாய்ப் போனால் போகட்டும், பொய்யாகவே இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டாள். கம்பெனி ஆள் கேஸ் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்து சுவரோரம் குனிந்தார். அது கீச்கீச்சென்று அலறத் தொடங்கியது. முகம் வெளிறிப் பின்வாங்கியவர், தெருவையே காலி பண்ணச் சொன்னார்.

குழாயை அடைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது எல்லோரும் சர்ச் வளாகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்றோ தங்கை பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"நேத்து அந்த செவுத்தாண்டதான் குந்திகினு நாலு கிரில் வெல்டு அடிச்சேன், ரெஜி."

அவள் அவன் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள்.