சுவரில் இருபத்து நான்கு

ஜூலை 9, செவ்வாய். இன்றைய தவறு: மருத்துவமனைப் படிவத்தில் அண்ணனின் வயதை முப்பத்தொன்று என்று எழுதிவிட்டேன். அவனுக்கு முப்பத்து நான்கு. பழக்கத்தில் கை எழுதிவிட்டது. திருத்த வேண்டும்.

மாயெலின் அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் எழுதவில்லை. நர்ஸ் படிப்புக்கான மாலை வகுப்பில், தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும், முதல் வரி அன்று செய்த தவறாக இருக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை எழுதியிருக்க வேண்டிய தவறு வேறு.

புதன் காலை அவள் இஞ்சி டீத் தட்டோடு வாசலுக்கு வந்தபோது, பாதாம் மரத்தடியில் அண்ணன் வில்கினின் கூட்டாளிகள் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவன் சவப்பெட்டிக்குள் இருந்தான். நேற்று ஷூ கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் டாக்ஸி வேலியோரம் நின்றது, சாவியோடு.

பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த, பெயரும் வயதும் எழுதிய மரச்சிலுவையை அவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"முப்பத்தொண்ணா? நானும் அவனும் ஒரே நாள்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க. எனக்கு முப்பத்தி நாலு."

"செத்தும் நம்மளவிட இளசா இருக்கான் பாரு," என்றான் இன்னொருவன், கட்டையை அறைந்து வைத்தபடி.

சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. சிலுவைக்குப் பெயிண்ட் அடித்தவன் மருத்துவமனைக் காகிதத்தைப் பார்த்து அடித்திருந்தான். சர்க்கரை ஆலையைச் சுற்றிய அந்தக் குடியிருப்பில் பேஸ்பால் ஆடும் ஒவ்வொருவனுக்கும் வீட்டு வயசு, பந்து வயசு என்று இரண்டு உண்டு. பத்தொன்பது வயதுக்காரனை வெளிநாட்டு அணிகள் திரும்பிப் பார்க்காது. அதனால் பயிற்சி கொடுத்த சாகோ, வில்கினைப் பதினாறு ஆக்கிக் காகிதம் வாங்கினான். அணி இரண்டு வருடம் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. மூன்று வயது மட்டும் குறைந்தபடியே நின்றுவிட்டது.

நேற்று படிவத்தை வாங்கிக்கொண்ட டாக்டர் அவளிடம் கேட்டிருந்தார்: "இதயம் ரொம்பப் பெருத்திருக்கு. முன்னாடி எப்பவாவது ஊசி, மருந்துன்னு ஏதாவது எடுத்துக்கிட்டாரா?"

"இல்ல," என்றாள் மாயெலின். யோசிக்கக்கூட இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவள் முதலுதவி வகுப்பில் ஊசி போடப் படித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகிய கை. சாகோ கொண்டுவந்த புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டியிருந்தார்கள். அப்படியும் ஒரு காளைப் படத்தின் கொம்பு மிச்சமிருந்தது. "வைட்டமின்தான்," என்றான் சாகோ. "லீக் ரெக்கார்டை உடைச்சான்னா வெளிநாட்டு அணிக்கு ஆள் பாக்க மறுபடி வருவாங்க. உன் கை நடுங்காது, நீயே போடு." வாரம் மூன்று ஊசி. ஒரே பக்கம் போட்டால் கட்டி வரும் என்று வகுப்பில் சொன்னதால், ஒரு நோட்டில் தேதி போட்டு இடமா வலமா என்று குறித்துவைத்தாள். அந்தக் கோடையில் வில்கின் பந்தை மைதானம் தாண்டி விரட்டி இருபத்து நான்கு ஹோம் ரன் அடித்தான். ஆலை மைதானத்துச் சுவரில் இருபத்தாறு வருடம் நின்ற இருபத்து மூன்றை அழித்து இவன் பெயரை எழுதினார்கள். ஆள் பார்க்க யாரும் வரவில்லை.

அதனால்தான் இதயம் பெருத்ததா? டாக்டருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் அவள் இல்லை என்றாள்.

"மாயெலின்." சாகோ பின்கட்டுக்கே வந்துவிட்டான். தொப்பியைக் கையில் சுருட்டியிருந்தான். "அந்த நோட்டு இன்னும் இருக்கா?"

"எந்த நோட்டு?"

"விளையாடாத தங்கச்சி. அடுப்புல போட்டுடு. போனவனுக்கு அது எதுக்கு? இருக்கிற அம்மாவ நினைச்சுப் பாரு."

அவள் டம்ளர்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

அம்மா ஒஃபேலியா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். லீக் தலைவர் அவள் முன் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலைல பெயிண்டர் வர்றான்மா. பேர் பக்கத்துல சிலுவை போடறோம். சிலுவை போட்ட வரிய நம்ம லீக்ல யாரும் தொட மாட்டாங்க. இனி ஒருத்தன் முப்பது அடிச்சாலும் வில்கின் வரி அப்படியே இருக்கும்."

"வெள்ளையிலதானே?" என்று கேட்டாள் அம்மா.

"வெள்ளையிலதான்."

அம்மா தலையசைத்தாள். நேற்றிலிருந்து அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கியவர்களில் முன்னால் வலப்பக்கம் எலிஹியோ. ஆலையில் கரும்பு எடை போடுகிறவர், அறுபதை நெருங்கியவர். அழிக்கப்பட்ட இருபத்து மூன்று அவருடையது. வில்கின் பெயரை எழுதிய அன்று பெயிண்டருக்கு ஏணி பிடித்ததும் அவர்தான்.

பந்து ஆடியவனைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுபோவார்கள். ஓடுகிறவன் தொட்டுப் போக வேண்டிய முதல் மூலையான முதல் பேஸில், பெட்டியைத் தாழ்த்தி அதன் அடி அங்கே தரையில் பதித்த பையில் படும்படி வைத்து எடுத்தார்கள். இரண்டாவதிலும் அப்படியே. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவதற்கு முன்னாலேயே பின்னால் இருந்தவர்கள் உள்ளே வளைந்து, நேராக ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள்.

"நில்லுங்க," என்றார் எலிஹியோ. "மூணாவதைத் தொடல."

"மாமா, இங்கயும் அம்பயர் வேலையா? வெயிலப் பாருங்க."

"தொடாமப் போனா ஓட்டம் செல்லாது. ஒழுங்கா சுத்திட்டுப் போகட்டும் அவன்."

 ஆறு பேரும் பெட்டியோடு பின்னுக்கு வந்தார்கள். பெட்டி பையைத் தொட்டபோது புழுதி கொஞ்சம் எழுந்தது. பின்னால் மாயெலின் அம்மாவின் கையைப் பிடித்து நின்றாள். தலையைத் தூக்கினால் எதிரே நீலச் சுவர். அண்ணன் பெயருக்கு மேலே, அழித்த பழைய வரியின் நீளத்துக்கு நீலம் வெளுத்திருந்தது.

கல்லறையில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது எலிஹியோ குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, அந்த வருஷம் அண்ணனுக்கு நான் ஊசி போட்டேன்."

அவர் குழாயை மூடவில்லை.

"சாகோ அண்ணன் கொண்டுவந்தது. மாட்டு மருந்துன்னு நினைக்கிறேன். நாப்பத்தாறு ஊசி. தேதியோட எழுதி வெச்சிருக்கேன். உங்க பேர அழிச்சது அவன் இல்ல. நான்."

தண்ணீர் சிமெண்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"வலிச்சுதா அவனுக்கு?" என்றார்.

 நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கவில்லை.

"வலிக்கலைன்னு சொல்லுவான்."

"ம்." குழாயை மூடினார். கைகளைச் சட்டையில் துடைக்காமல் காற்றில் பிடித்தபடி நின்றார். "நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போ மகளே. அம்மா தனியா இருக்கா."

வீட்டில் நாற்காலிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து வில்கினின் பந்துச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அம்மா, அந்த நோட்ட நாளைக்கு..."

"சாகோ உன்கிட்டப் பேசினத நான் பாத்தேன்."

மாயெலின் வாசற்படியிலேயே நின்றாள்.

"நீ ஊசி போடறப்பல்லாம் ரேடியோவ சத்தமா வெச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உனக்குப் பாட்டு பிடிக்கும்னு..."

"அவன் கத்தினா அக்கம்பக்கத்துல கேக்கக் கூடாதுன்னு வெச்சேன்."

"அவன் கத்தவே இல்லம்மா."

"அதான். ஒரு தடவை கத்தியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதன் மேல் கை வைத்திருந்தாள். பிறகு எழுந்து, கொடியிலிருந்து மாயெலினின் வெள்ளை ரவிக்கையை எடுத்தாள். மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் போகும்போது மட்டும் போடுகிற ரவிக்கை. அதை மேசையில் விரித்து, இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டதா என்று ஈர விரலால் தொட்டுப் பார்த்தாள். காலரிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். 

மாயெலின் பின்கட்டில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தை எழுதினாள். முதல் வரியை இரண்டு முறை அடித்து, மூன்றாவது முறை எழுதினாள்.

ஜூலை 10, புதன். தவறு இன்றையது இல்லை, நேற்றையது: டாக்டர் கேட்டதற்கு இல்லை என்று சொன்னேன். நாற்பத்தாறு ஊசி. இடம் இருபத்து மூன்று, வலம் இருபத்து மூன்று.

நாளை: காலை ஏழு மணிக்கு மைதானம், பெயிண்டர் ஏணி வைப்பதற்கு முன். நோட்டை எடுத்துப் போய் லீக் தலைவரிடம் காட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு மருத்துவமனை, படிவம் திருத்த. வயது 34.